அலர்ஜிக்கு இரத்தப் பரிசோதனையா? லேபில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன தீபாவளியன்று எங்கள் நாலு வயது மகளுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் தடித்தது. காணாக்கடி, ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று என் அம்மா சொன்னார். செட்டிரிசின் என்ற அரிப்பு மருந்து கொடுத்தோம், மாலைக்குள் அடங்கிவிட்டது. அடுத்து ஒரு பிறந்தநாள் விழாவில் மறுபடி. மூன்றாம் முறை ஹோட்டலில் பனீர் மசாலா சாப்பிட்ட பதினைந்து நிமிடத்தில் தடிப்போடு வாந்தியும் இருமலும் சேர்ந்துகொண்டன. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அதற்கு அடுத்த வாரம் நான் செய்ததுதான் தப்பு. எந்த டாக்டரிடமும் கேட்காமல் ஒரு லேபுக்குப் போன் போட்டு, வீட்டுக்கே ஆளை வரவழைத்து, "சைவ உணவு அலர்ஜி பேக்கேஜ்" என்ற ஒன்றை 6,800 ரூபாய் கொடுத்து எடுத்தேன். ரிப்போர்ட்டில் பதினோரு பொருட்கள் பாசிட்டிவ். பால், கோதுமை, துவரம்பருப்பு, தக்காளி, கத்திரிக்காய் என்று நீண்ட அந்தப் பட்டியல் முழுவதையும் நான்கு மாதம் நிறுத்தினோம். குழந்தை ஒன்றரைக் கிலோ இளைத்தாள், தடிப்பு மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் சென்னையில் ஒரு குழந்தைகள் அலர்ஜி நிபுணரிடம் போனபோது அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவேயில்லை. அரைமணி நேரம் கேள்வி மட்டும் கேட்டார். தீபாவளிக்குக் காஜு கத்லி, பிறந்தநாளுக்கு முந்திரி கேக், ஹோட்டல் பனீர் மசாலாவில் முந்திரி விழுது. எங்கள் பேக்கேஜில் முந்திரி இருக்கவேயில்லை! சோதிக்கப்படாத ஒன்றை நாங்கள் "நெகட்டிவ்" என்று எடுத்துக்கொண்டு, தெம்புக்கு என்று பாயாசத்தில் கூடுதலாக முந்திரி போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் இப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்கவேண்டும், லேபில் எதற்கு ஏமாறக்கூடாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

1. உங்கள் தொந்தரவு இந்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதுதானா?

அலர்ஜி இரத்தப் பரிசோதனை என்றால் பொதுவாக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை அளப்பது. இது சம்பந்தப்பட்ட அலர்ஜி வேகமாக வரும்: சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு. தூசியில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, வீசிங் போன்றவையும் இந்த வகையில் வரலாம். உங்களுக்கு நடப்பது இப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

இல்லையென்றால் காசை மிச்சப்படுத்துங்கள். கவரிங் நகை, வாட்ச் பட்டை பட்ட இடத்தில் புண்ணாவது பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி. பார்த்தீனியச் செடியால் முகத்திலும் கையிலும் வரும் கரப்பானும் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) அதே மாதிரி மெதுவாக வரும் வகை. இவற்றுக்கு முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்தான் சரி, இரத்தத்தில் ஒன்றும் தெரியாது. பால் குடித்தால் வயிறு உப்பி பேதியாவது லாக்டோஸ் ஜீரணமாகாததால் இருக்கலாம், அதற்கும் ஐஜிஇக்கும் தொடர்பில்லை. கோதுமையால் நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு என்றால் டாக்டர் சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதமான குளூட்டன் குடலைக் கெடுப்பது) வேறொரு இரத்தப் பரிசோதனை எழுதுவார். அதை எடுக்கும் வரை கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் அந்தப் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். வலி மாத்திரை போட்டால் முகம் வீங்குகிறது என்பவர்களுக்கும் பெரும்பாலும் ஐஜிஇ பார்த்துப் பயனில்லை. பெனிசிலினுக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் பல பேரைத் தவறவிட்டுவிடும். அது நெகட்டிவ் என்பதை நம்பி மருந்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு மேலாக, தினமுமோ ஒன்றுவிட்டு ஒரு நாளோ, எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தடிப்பு வந்து மறைபவர்கள். பெரிய பேக்கேஜ்களை அதிகம் வாங்குவது இவர்கள்தான் என்று நினைக்கிறேன், எனக்குத் தெரிந்தே நாலு பேர். நாள்பட்ட தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். தோல் டாக்டர் இரத்த அணுக்கள், சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு), சில சமயம் மொத்த ஐஜிஇயும் (எந்தப் பொருளுக்கு என்று பிரிக்காத கூட்டு அளவு) தைராய்டு எதிர்ப்புப் புரதமும் கேட்பார். நூறு உணவுப் பொருள் பட்டியல் கேட்கமாட்டார்.

2. ஒரு நோட்டு, கொஞ்சம் போட்டோ

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். நான் இந்த முழு விஷயத்தில் எதற்காவது நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்றால் இதற்குத்தான். ஒவ்வொரு முறை வந்தபோதும்:

- அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வாயில் போனது எல்லாம். "பனீர்" என்று எழுதாதீர்கள், பனீர் மசாலாவில் என்னென்ன இருந்தது என்று எழுதுங்கள். ஹோட்டலுக்கே போன் செய்து கேட்கலாம், நான் பிறகு கேட்டபோது மாஸ்டரே பொறுமையாகச் சொன்னார்.
- சாப்பிட்டதிலிருந்து எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள்.
- அப்போது ஓடி ஆடிக்கொண்டிருந்தாரா, காய்ச்சல் இருந்ததா, வலி மாத்திரை எடுத்திருந்தாரா. கோதுமையால் வரும் ஒருவகை அலர்ஜி சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் வரும், சும்மா உட்கார்ந்திருந்தால் வராது.
- அதே பொருளை வேறு நாளில் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறதா. டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்.

தடிப்பை மொபைலில் படம் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் போகும் நேரத்தில் அது மறைந்திருக்கும். பாக்கெட் தின்பண்டம் என்றால் கவரைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அவசரப் பிரிவில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியும் என்ன ஊசி போட்டார்கள் என்ற சீட்டும் வேண்டும். குழந்தை என்றால் தடுப்பூசி அட்டை, எடைக் கணக்கு. எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

3. தோலிலா, இரத்தத்திலா?

இரண்டும் அதே ஐஜிஇயைத்தான் வேறு வழியில் பார்க்கின்றன. தோல் குத்துப் பரிசோதனையில் கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள், பதினைந்து இருபது நிமிடத்தில் முடிவு தெரியும், பொருளுக்குப் பொருள் கணக்குப் பார்த்தால் செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் அரிப்பு மாத்திரையைக் கிட்டத்தட்ட ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போகவேண்டும். சளி சிரப்பிலும் இந்த மருந்து ஒளிந்திருக்கும், அதனால் கலவை மருந்துகளையெல்லாம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அலர்ஜி வந்து உயிர் பிழைத்த மாதிரி பெரிய அளவில் ஆகியிருந்தால், தோல் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். அதற்கு முன் செய்தால் தோல் சரியாகப் பதில் சொல்லாது.

மாத்திரையை நிறுத்தமுடியாதவர்கள், உடம்பு முழுக்கக் கரப்பான் இருப்பவர்கள், நகத்தால் கீறினாலே தடிக்கும் தோல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முன்பு மிகக் கடுமையாக வந்தவர்கள் ஆகியோருக்கு இரத்தம்தான் வசதி. எங்கள் மகளுக்கு டாக்டர் இரத்தத்தையே தேர்ந்தெடுத்தார். மாத்திரையை நிறுத்த எங்களுக்கும் துணிவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு செட்டிரிசின் வகை மாத்திரைகள் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. லேபில் போனை எடுப்பவர் "ஒரு வாரம் மாத்திரை நிறுத்திட்டு வாங்க" என்று சொன்னால் அவர் தோல் பரிசோதனையோடு குழப்பிக்கொள்கிறார். ஆஸ்துமாவுக்கோ தடிப்புக்கோ ஓமலிசுமாப் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மட்டும் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அந்த ஊசி மொத்த ஐஜிஇ அளவை ஏற்றிக் காட்டும், நிறுத்திய பிறகும் பல மாதங்களுக்கு அப்படியே இருக்கும்.

4. சீட்டில் பொருளின் பெயர் இருக்கவேண்டும்

டாக்டர் எழுதும் சீட்டில் வெறுமனே "அலர்ஜி டெஸ்ட்" என்று இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: எந்தப் பொருளுக்கு? எங்கள் இரண்டாவது பரிசோதனைக்கு டாக்டர் எழுதிய சீட்டில் மூன்றே மூன்று இருந்தன: முந்திரி, பிஸ்தா, முந்திரியின் ஒரு தனிப் புரதமான அனா ஓ 3. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

தனிப் புரதத்தை எதற்குப் பார்க்கிறார்கள் என்றால், ஒரு பொருளில் பல புரதங்கள் இருக்கும், அவற்றில் சிலதான் ஆபத்தானவை. நிலக்கடலையில் ஆரா எச் 2, முட்டையில் ஓவோமியூகாய்டு, பாலில் கேசீன். ஓவோமியூகாய்டு வேகவைத்தாலும் சுலபத்தில் சிதையாது, அதனால் கேக்கில் வெந்த முட்டையைக் குழந்தை தாங்குமா என்று முடிவெடுக்க இது உதவுகிறது. எல்லோருக்கும் தேவைப்படாது, விலையும் கூட.

மூச்சு சம்பந்தமான அலர்ஜி என்றால் பட்டியல் நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காகத் தயாரித்த பரிசோதனைப் பட்டியல்களில் பிர்ச் மர மகரந்தம் இருக்கும். திருச்சியில் பிர்ச் மரத்துக்கு எங்கே போவது? நமக்கு வேண்டியது தூசிப் பூச்சிகள் (வெப்பநாட்டு வகையான புளோமியா உட்பட), கரப்பான் பூச்சி, பூஞ்சைகள், சீமைக் கருவேலம் மாதிரியான மகரந்தங்கள், வீட்டில் வளர்த்தால் பூனை, நாய். இவை இல்லாத பட்டியலில் எல்லாம் நெகட்டிவ் வந்தால் நிம்மதியடைய ஒன்றுமில்லை.

5. லேப், முறை, விலை

லேபில் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, எந்த முறையில் செய்கிறீர்கள்? ஒவ்வொரு பொருளையும் தனியாக எண்ணாக அளக்கும் முறைகள் இருக்கின்றன, இம்யூனோகேப் அதில் பரவலானது. இன்னொன்று ஒரே பட்டையில் இருபது முப்பது பொருட்களைக் கோடு கோடாகப் போட்டு, கோட்டின் அழுத்தத்தை வைத்து அளவைக் கணிக்கும் பட்டை முறை. மலிவுப் பேக்கேஜ்கள் பல இந்த இரண்டாவது ரகம், தோராயமாகத்தான் சொல்லும். இரண்டு, இங்கேயே செய்கிறீர்களா, வெளியூர் அனுப்புகிறீர்களா? மூன்று, என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, அதில் இந்தப் பரிசோதனையும் அடங்குமா?

விலை லேபுக்கு லேப் மாறும். நான் விசாரித்தபோது மொத்த ஐஜிஇ 600 ரூபாய் பக்கம், தனிப் பொருள் ஒன்றுக்கு 900 முதல் 1,500 வரை, தனிப் புரதம் அதற்கும் மேல். மூன்றுக்குமாக நாங்கள் கொடுத்தது 4,900. பேக்கேஜ் விலையைவிடக் குறைவு, ஆனால் "நூறு பொருள் ஐயாயிரம், மூன்று பொருள் ஐயாயிரமா?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்த நூறில் தொண்ணூற்றைந்து உங்களுக்குத் தேவையில்லாதவை என்பதுதான் பதில், அப்படித் தேவையில்லாதவற்றில் வரும் பொய் பாசிட்டிவுக்கு நாம் கொடுக்கும் விலை பில்லில் வராது.

முக்கியமான ஒன்று: "உணவு ஒவ்வாமை", "இன்டாலரன்ஸ்", "சென்சிடிவிட்டி" என்ற பெயர்களில் இருநூறு முன்னூறு பொருட்களுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பேக்கேஜ்கள் விற்கிறார்கள். பார்க்க ஐஜிஇ மாதிரியே இருக்கும், ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஐஜிஜி என்பது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் அமைப்பு 2008லேயே இதை உணவு அலர்ஜிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிக்கை வெளியிட்டது, 2012இல் கனடாவின் அமைப்பும் அதையே சொன்னது. தலைமுடியை அனுப்பச் சொல்லும் பரிசோதனையைப் பற்றி எழுதவே கை வரவில்லை.

இன்சூரன்ஸ்: சாதாரண மெடிக்கிளெய்மில் வெளிநோயாளிப் பரிசோதனைக்குப் பணம் வராது. அலர்ஜியால் மருத்துவமனையில் சேர்த்து கிளெய்ம் செய்திருந்தால் கதை வேறு. பல பாலிசிகளில் சேர்வதற்கு முன் 30 நாள், வந்த பின் 60 நாள் வரை அதே நோய்க்கான பரிசோதனைச் செலவு கிடைக்கும், நாட்கள் பாலிசிக்குப் பாலிசி மாறும். அதற்கு டாக்டர் சீட்டு, பெயரிட்ட பில், ரிப்போர்ட் மூன்றும் வேண்டும். நான் நேராக லேபில் எடுத்த முதல் பரிசோதனைக்குச் சீட்டு இல்லை, அதனால் 6,800 போனது போனதுதான்.

6. இரத்தம் கொடுக்கும் நாள்

இதில் சொல்ல அதிகமில்லை. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, குழந்தையை நன்றாகச் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள். எந்த நேரத்திலும் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு குழாய், ஐந்து மில்லி போதும். சில பொருட்கள் மட்டும் என்றால் சின்னக் குழந்தைக்கு இரண்டு மூன்று மில்லியில் முடிந்துவிடும். வயது வரம்பு கிடையாது, கைக்குழந்தைக்கும் எடுக்கலாம். குழந்தைகளுக்கு இரத்தம் எடுத்துப் பழகியவர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பையன் மூன்று இடத்தில் குத்தினான்.

பதிவு செய்யும்போது கம்ப்யூட்டரில் என்ன ஏற்றுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். "முந்திரி" என்று சீட்டில் இருந்ததை "நட்ஸ் கலவை" என்று போட்டார்கள், நான் பார்த்து மாற்றச் சொன்னேன். கலவை என்பது ஐந்தாறு பருப்புகளைச் சேர்த்து ஒரே எண் தருவது. பாசிட்டிவ் வந்தால் எது என்று தெரியாமல் மறுபடி தனித்தனியாக எடுக்கவேண்டும்.

மொத்த ஐஜிஇ அன்றோ மறுநாளோ வந்துவிடும். தனிப் பொருட்கள் எங்களுக்கு நான்கு நாள் ஆனது, தனிப் புரதம் ஒன்பது நாள். டாக்டர் அப்பாயின்ட்மென்டை அதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள், பாதி ரிப்போர்ட்டோடு போனால் கட்டணம் இரண்டு முறை.

7. ரிப்போர்ட் வந்தாச்சு. இனிதான் நிஜமான ஆபத்து

சிவப்பு எழுத்து, மேல்நோக்கிய அம்பு, "வகுப்பு 3" என்றெல்லாம் இருக்கும். முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எதையும் நிறுத்தாமல் இருங்கள்.

பாசிட்டிவ் என்றால் அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ உங்கள் இரத்தத்தில் இருக்கிறது, அவ்வளவே. அந்தப் பொருளைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகும் என்பது வேறு சங்கதி. இரத்தத்தில் இருந்தும் சாப்பிட்டால் ஒன்றுமே ஆகாதவர்கள் ஏராளம். தினமும் இட்லியும் பாலும் சாப்பிட்டு நன்றாக இருக்கும் குழந்தைக்கு உளுந்தும் பாலும் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் சொன்னால், குழந்தையை நம்புங்கள்.

அளவு கேயூ/எல் என்ற அலகில் இருக்கும். 0.35 என்பது பழைய எல்லைக்கோடு, இப்போதைய கருவிகள் 0.1 வரை பிடிக்கும். வகுப்புகள் பொதுவாக இப்படி: 0.35 முதல் 0.7 வரை ஒன்று, 3.5 வரை இரண்டு, 17.5 வரை மூன்று, 50 வரை நான்கு, 100 வரை ஐந்து, அதற்கு மேல் ஆறு. என் மகளின் முதல் ரிப்போர்ட்டின் பதினொன்றில் ஒன்பது, ஒன்றாம் இரண்டாம் வகுப்பு. எண் கூடக்கூட நிஜ அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடும். வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை எண் சொல்லாது; குறைந்த எண் உள்ளவருக்குப் பெரிதாக வந்ததும் உண்டு. அமெரிக்கக் குழந்தைகளிடம் நடந்த 2001ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் பாலுக்கு 15, முட்டைக்கு 7, நிலக்கடலைக்கு 14 என்ற அளவைத் தாண்டினால் 95 சதவீதம் நிஜ அலர்ஜிதான் என்று கண்டார்கள். இந்த எண்கள் வயதுக்கும் ஊருக்கும் மாறும், அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். ஆனால் 0.8க்கும் 15க்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு பிடி கிடைக்கும்.

மொத்த ஐஜிஇ பற்றி. "ஐஜிஇ 900 இருக்கு, பயங்கர அலர்ஜி" என்று பயமுறுத்துவார்கள். வயிற்றுப் பூச்சி, கரப்பான், ஆஸ்துமா எதிலும் இது ஏறும். எதற்கு அலர்ஜி என்று இந்த எண் சொல்லாது. சாதாரண அளவு இருந்தும் முந்திரிக்கு மயங்கி விழுபவர் உண்டு. மொத்தம் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது தனிப் பொருட்களில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பாசிட்டிவ் வரும், அந்தச் சில்லறைகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆஸ்துமாக்காரருக்கு மொத்த ஐஜிஇ இப்படி மிக அதிகமாக வந்தால் மட்டும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்குத் தனியாகப் பார்க்கவேண்டுமா என்று நெஞ்சு டாக்டரிடம் கேளுங்கள். அலகையும் பாருங்கள்: ஐயூ/மில்லியும் கேயூ/எல்லும் ஒன்றுதான், ஆனால் நானோகிராமில் கொடுக்கும் லேபில் எண் 2.4 மடங்கு பெரிதாகத் தெரியும். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு "இரண்டு மடங்கு ஏறிடுச்சு" என்று அழாதீர்கள்.

அப்புறம் குறுக்குப் பாசிட்டிவ். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பிறந்ததிலிருந்து சுத்த சைவம், அவனுக்கு இறால் பாசிட்டிவ். "வாயில் வைத்ததே இல்லையே!" என்று அவன் பாட்டி அதிர்ந்துபோனார். தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சி, இறால், நண்டு எல்லாவற்றிலும் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தூசிப் பூச்சிக்கு எதிராக உருவான ஐஜிஇ இறால் புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதே மாதிரி தாவரங்களின் புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிராகச் சிலருக்கு ஐஜிஇ இருக்கும், அதற்கு சிசிடி என்று பெயர். அவர்களுக்கு அரிசி, கோதுமை, பருப்பு, தக்காளி, கேரட் என்று எல்லாமே குறைந்த அளவில் பாசிட்டிவ் காட்டும், உடம்பில் ஒன்றும் செய்யாது. பட்டை முறை ரிப்போர்ட்களில் சிசிடிக்கே தனியாக ஒரு கோடு இருப்பதுண்டு. என் மகளுடையதில் கடைசிப் பக்கத்தின் அடியில் "சிசிடி பாசிட்டிவ்" என்று இருந்தது. நான் அதை ஏதோ குறியீடு என்று விட்டுவிட்டேன். நான்கு மாதப் பத்தியத்துக்கு விடை அந்த ஒரு வரியில் இருந்திருக்கிறது.

நெகட்டிவிலும் பொறி உண்டு. பட்டியலில் இல்லாதது நெகட்டிவ் ஆகாது, அதைத்தான் முதலிலேயே சொன்னேன். பட்டியலில் இருந்து நெகட்டிவ் வந்து, ஆனால் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் வீங்கியது நிச்சயம் என்றால், வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். பெரிய அளவில் வந்த உடனே எடுத்த இரத்தத்தில் சில சமயம் குறைவாகக் காட்டும், சில வாரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள் அல்லது தோலில் பார்ப்பார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் முந்திரி 9.4, பிஸ்தா 6.1, அனா ஓ 3 அதை ஒட்டியே உயர்வு. மூன்று முறை நடந்த கதையும் இதுவும் பொருந்தியது, அவ்வளவில் முடிவு.

8. எதை நிறுத்துவது, எதைத் திரும்பக் கொடுப்பது

கதையும் எண்ணும் பொருந்தியதை மட்டும் நிறுத்துங்கள். முந்திரி என்றால் பொங்கல், கேசரி, பாயாசம், ஹோட்டல் குருமா, வெள்ளை கிரேவி, கோயில் பிரசாதம் வரைக்கும். இந்திய உணவு லேபிள் விதிகளின்படி பாக்கெட்டில் நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, சோயா, மீன், இறால் வகை, குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் குறிப்பிட வேண்டும், தேடிப் படியுங்கள். இனிப்புக் கடையில் லேபிள் இருக்காது, பாதாம் கத்லி என்பதிலும் முந்திரி கலப்பார்கள்.

பொய் பாசிட்டிவ் வந்து ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், நீங்களாக ஒரு நாள் தைரியம் வந்து ஊட்டாதீர்கள். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு நன்றாகத் தாங்கிக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது நிஜமாகவே அலர்ஜி வந்திருக்கிறது. அதனால்தான் டாக்டர் முன்னிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கும் உணவுச் சோதனை. அலர்ஜி இருக்கிறதா இல்லையா என்பதற்குக் கடைசித் தீர்ப்பும் இதுதான். மகளுக்குப் பாலை இப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தோம். காலை எட்டரைக்குப் போய் மாலை மூன்று வரை இருந்தோம், பகல்நேர அனுமதிக் கட்டணம் 3,500. மாற்றுத்துணி, பொம்மை, பழக்கமான டம்ளர் எடுத்துப் போங்கள், சளி காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இதற்கு முன் அரிப்பு மாத்திரையை நிறுத்தவேண்டும், எத்தனை நாள் என்று அவர்களே சொல்வார்கள். மற்றவற்றில் எதையெல்லாம் வீட்டிலேயே கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். துவரம்பருப்பு சாம்பார் வாசனை வந்த அன்று மகளைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

9. அவசரத்துக்கு

மூச்சிரைப்பு, குரல் கம்முவது, மயக்கம், தடிப்போடு தொடர் வாந்தி, இதில் எது வந்தாலும் அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். தேவை அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். 108ஐக் கூப்பிடுங்கள், படுக்க வையுங்கள், மூச்சு இழுத்தால் மட்டும் உட்கார வையுங்கள். வீட்டில் ஊசி வைத்துக்கொள்ள வேண்டுமா, எவ்வளவு அளவு, எப்படிப் போடுவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி, அவர் எதிரிலேயே பழகுங்கள். ஆம்பியூல் (ஊசி மருந்துக் குப்பி) விலை குறைவு, அதன் காலாவதித் தேதியைத்தான் மறந்துவிடுகிறோம்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து நிலைமை அடங்கியதும், டிரிப்டேஸ் என்ற இரத்தப் பரிசோதனைக்குச் சாம்பிள் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நடந்தது கடும் அலர்ஜிதானா என்று உறுதிசெய்ய இது உதவும். ஆரம்பித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுப்பது நல்லது, நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒப்பிடுவதற்கு, முழுதும் சரியாகி 24 மணி நேரம் கழிந்த பின் இன்னொரு சாம்பிள். உணவால் வந்ததில் சில சமயம் இது ஏறாமலும் இருக்கும், எல்லா ஊரிலும் வசதியும் கிடையாது. எங்களுக்கு அன்று இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

10. மறுபடி எப்போது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லும் லேப் மெசேஜ்களை அழித்துவிடுங்கள். பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும், அதனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, எண் இறங்கினால் உணவுச் சோதனை செய்வார்கள். முந்திரி, நிலக்கடலை அவ்வளவு சுலபத்தில் போகாது, இடைவெளி அதிகம் விடலாம். எப்போது எடுத்தாலும் அதே முறை, முடிந்தால் அதே லேப். ஒரு கருவியின் 5ஐ இன்னொரு கருவியின் 5ஓடு ஒப்பிட முடியாது. எங்களுக்கு அடுத்த முறை அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்குப் பிறகு, முந்திரியும் பிஸ்தாவும் மட்டும். சீட்டை இப்போதே எழுதி வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன்.